விளக்கு எரிகிறது; இணைப்பு இருக்கிறதா?



இந்தப் பதிவின் பொருள் உங்களுக்குச் சற்று வியப்பைத் தரலாம். இலக்கணம், வாசிப்பு, முதலாம் ஆண்டு மாணவர் சேர்க்கை என்றே எழுதிவரும் நான் இன்று கேரவனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மகிழுந்தின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைத்தான் கேரவன் என்கிறார்கள். நம் மலேசியச் சாலைகளில் அதனைக் காண்பது அரிது. ஆஸ்திரேலியாவிலோ அது குடும்பங்களின் விடுமுறை வாழ்க்கையில் ஓர் அங்கம். நம்மவர் பலர் பெர்த், மெல்பர்ன் ஆகிய நகரங்களில் குடியேறியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் அவர்களைக் காண நாமும் பிள்ளைகளோடு செல்கிறோம். அவர்கள் ஓட்டும் வண்டியில் நம்பி ஏறுகிறோம். எனவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று.

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் குடும்பத்திற்கு நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். என் கருத்தைப் பிறகு சொல்கிறேன்.

நடந்தது என்ன?

பெர்த் நகரில் வாழும் என் தம்பி, பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தான். பொருள்கள் ஏற்றிய நிலையில் ஏறக்குறைய 1,900 கிலோ எடை. எங்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே ஆல்பனி நகருக்குச் செல்வது திட்டம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம்.

புறப்படும் நாளில் ஒரு சிக்கல் தெரிந்தது. கேரவனின் மின்கம்பி முனையில் இருந்த பிளக் பன்னிரண்டு முனைகள் கொண்டது. தம்பியின் மகிழுந்தில் இருந்த சாக்கெட்டோ ஏழு முனைகள் கொண்டது. தம்பி கவலைப்படவில்லை. உதிரிப்பொருள் கடையில் ஓர் அடாப்டர் வாங்கி வைத்திருந்தான். ஒரு பக்கம் பன்னிரண்டு, மறுபக்கம் ஏழு. செருகினான், கச்சிதமாகப் பொருந்தியது.

"அக்கா, பின்னால நின்னு பாருங்க. எல்லாம் எரியுதா?" என்றான்.

நான் கேரவனின் பின்னால் நின்று பார்த்தேன். இடப்பக்கச் சைகை விளக்கு, வலப்பக்கச் சைகை விளக்கு, பிரேக் விளக்கு, இரவு விளக்கு ஆகிய அனைத்தும் எரிந்தன.

"எல்லாம் எரியுது தம்பி" என்றேன்.

அந்த மூன்று சொற்களை நான் இன்றுவரை எண்ணிப் பார்க்கிறேன்.

வீட்டு முற்றத்திலிருந்து வெளியே வருவதற்காகத் தம்பி வண்டியைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்தினான். மகிழுந்தின் பின்புற உணர்கருவி விடாமல் ஒலியெழுப்பியது. பின் இருக்கையில் இருந்த தம்பி மகனுக்கு எட்டு வயது. "அப்பா, பின்னால நம்ம கேரவன்தானே இருக்கு? அது காருக்குத் தெரியாதா?" என்று கேட்டான். "சும்மா இருடா, அப்பா வண்டி எடுக்கிறார்" என்று அடக்கினோம். அடக்கியவர்களில் நானும் ஒருத்தி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லி ஊக்குவிக்கும் ஆசிரியை!

160 கிலோமீட்டர் கடந்ததும் வில்லியம்ஸ் என்னும் சிற்றூரில் தேநீருக்காக நிறுத்தினோம். கேரவனின் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் பால் வெதுவெதுப்பாக இருந்தது. "பழைய பெட்டி, பழுதாகியிருக்கும்" என்று கடையில் பால் வாங்கிக்கொண்டோம். இது இரண்டாவது எச்சரிக்கை. இதனையும் நாங்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வில்லியம்சைத் தாண்டி, இறக்கமான ஒரு நீள்சாலையில் செல்லும்போது பெரிய லோரி ஒன்று எங்களை முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவனின் பின்பகுதி இலேசாக ஆடியது. பிறகு அந்த ஆட்டம் குறையவில்லை; ஒவ்வொரு வீச்சிலும் கூடியது. பின்னாலிருக்கும் வீடு எங்கள் மகிழுந்தின் வாலைப் பிடித்து இடமும் வலமும் உலுக்கியது. என் அண்ணி, அதாவது தம்பி மனைவியை நான் அப்படித்தான் மரியாதையாக அழைப்பேன், பிள்ளையின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். எதிர்த்தடத்தில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

தம்பி பிரேக்கை மிதிக்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தான். திசைமாற்றியை நேராகப் பிடித்தான். முன்பலகையில் இருந்த சிறு கட்டுப்படுத்தியின் பொத்தானைக் கையால் அழுத்தினான். அது கேரவனின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் பொத்தான். பின்னாலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்ததைப் போலக் கேரவன் நேரானது. ஒரு பத்து விநாடிகளில் எல்லாம் முடிந்தது. சாலையோரம் நிறுத்திவிட்டு நெடுநேரம் யாரும் பேசவில்லை.

உறங்கிய இரு காவலர்கள்

அந்த அமைதிக்குப் பிறகு தம்பி சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "அக்கா, இந்தக் கேரவன்ல நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கு. அது ஏன் வேலை செய்யல?"

விடையைக் கோஜோனப் ஊரில் ஒரு வாகன மின்பணியாளர் சொன்னார். அவர் முதலில் பார்த்தது கேரவனின் முன்பகுதியில் இருந்த ஒரு சிறு பெட்டியை. அதிலிருக்கும் சிறு விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. பிறகு அடாப்டரைக் கையில் எடுத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி விடை இருந்தது.

ஆஸ்திரேலியாவின் தட்டையான ஏழுமுனைப் பிளக்கில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வேலை உண்டு. முதல் முனை இடப்பக்கச் சைகை. இரண்டாவது பின்னோக்கு விளக்கு. மூன்றாவது எர்த். நான்காவது வலப்பக்கச் சைகை. ஐந்தாவது மின்பிரேக். ஆறாவது பிரேக் விளக்கு. ஏழாவது இரவு விளக்கு. பன்னிரண்டுமுனைப் பிளக்கின் மேல்வரிசையிலும் இதே ஏழுதான். கீழ்வரிசையில் கூடுதலாக ஐந்து. கேரவனின் மின்கலத்தை மின்னேற்றுவது, குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் தருவது போன்றவை அந்தக் கீழ்வரிசையின் பணிகள். தம்பியின் கேரவனில் நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான மின்சாரமும் அந்தக் கீழ்வரிசை வழியாகவே வரவேண்டும்.

ஏழுமுனைச் சாக்கெட்டில் கீழ்வரிசையே கிடையாது. ஆகவே அடாப்டர் மேல்வரிசை ஏழையும் ஒழுங்காகக் கடத்தியது. கீழ்வரிசை ஐந்தையும் அந்தரத்தில் விட்டது. விளக்குகள் எரிந்தன. மின்பிரேக் ஐந்தாம் முனையில் இருந்ததால் தம்பியின் கைப்பொத்தான் எங்களைக் காப்பாற்றியது. குளிர்ப்பெட்டி கீழ்வரிசையில் இருந்ததால் பால் வெதுவெதுப்பானது. அதே வரிசையில்தான் எங்கள் காவலனும் மின்சாரமின்றி உறங்கிக்கொண்டிருந்தான். பழுது எதிலும் இல்லை. அடாப்டர் தனக்குரிய வேலையைச் சரியாகவே செய்தது. அதற்கு இல்லாத ஆற்றலை நாங்கள்தாம் அதன் மீது ஏற்றிப் பார்த்தோம்.

இன்னொரு காவலனும் இருந்தான். தம்பியின் மகிழுந்திலேயே நிலைப்புக் கட்டுப்பாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் புதிய பயணிகள் மகிழுந்துகள் அனைத்திற்கும் 2013 நவம்பர் முதல் அது கட்டாயம். சில மகிழுந்துகளில் அதற்கும் மேலாக, பின்னால் இழுக்கப்படும் வண்டியின் ஆட்டத்தைக் கண்டறிந்து, மகிழுந்தின் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, இயந்திர வேகத்தையும் குறைத்து, ஆட்டத்தை அடக்கும் ஒரு செயற்பாடு உண்டு. தம்பியின் வண்டியில் அது இருந்தது. ஆனால் பல வண்டிகளில் இச்செயற்பாடு விழித்தெழ ஒரு நிபந்தனை இருக்கிறது: பின்னால் ஒரு வண்டி இருக்கிறது என்பதை மகிழுந்தின் கணினி அறிய வேண்டும். அதற்கென உள்ள இணைப்புப் பெட்டி வழியாகச் சாக்கெட்டைப் பொருத்தினால்தான் அது அறியும். தம்பியின் வண்டியிலோ முன்பு யாரோ பின்விளக்குக் கம்பிகளிலிருந்து நேரடியாக இணைப்பெடுத்துச் சாக்கெட்டைப் பொருத்தியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. கணினிக்குச் செய்தி போகவில்லை. வண்டியின் கையேட்டில் இது தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததை அன்றிரவுதான் வாசித்தோம்.

பின்னோக்கி நகர்ந்தபோது உணர்கருவி ஏன் ஓயாமல் ஒலித்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பின்னால் கேரவன் இருப்பதை அறிந்த மகிழுந்து அந்த ஒலியை அடக்கிக்கொள்ளும். எங்கள் மகிழுந்து அதனை ஒரு சுவராகவே எண்ணியது. "அது காருக்குத் தெரியாதா?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விதான் சரியான நோயறிதல். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். சிறுபிள்ளை சொல்லும் அப்படித்தான் போலும்.

பழியில் எனக்கும் பங்குண்டு

மின்னிணைப்பை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஆட்டம் ஏன் தொடங்கியது? கேரவனின் பின்பகுதியில் பாரம் மிகுந்திருந்தது. இரண்டு மிதிவண்டிகள், தண்ணீர்க் கலன்கள், அரிசி மூட்டை, நான் கோலாலம்பூரிலிருந்து சுமந்துபோன தமிழ்நூல்கள் அனைத்தையும் பின்கட்டிலின் அடியில் அடுக்கினோம். நூல்களை அங்கே வைத்தது நானே.

கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மீது அழுந்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் வழங்கும் பொது அறிவுரை. எங்கள் கேரவனுக்கு அது 190 கிலோ. மகிழுந்தின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பாரம் பின்னால் கூடினால் கொக்கியின் மீதான அழுத்தம் குறையும். வால் ஆடத் தொடங்கும். ஒவ்வொரு மகிழுந்து, கேரவன் இணைக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானே அடங்கும். அதற்கு மேலே ஆட்டம் தானே வளரும். அந்நேரத்தில் மகிழுந்தின் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின்னால் வரும் பாரம் முன்னால் இருப்பதைத் தள்ளி இரண்டையும் மடக்கிவிடும். கேரவனின் பிரேக் மட்டும் பிடித்தால் அது பின்னோக்கி இழுத்து நேராக்கும். கேரவனில் பொருத்தப்படும் நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி செய்வதும் அதுவே. ஆட்டத்தை உணர்ந்ததும் ஓட்டுநர் எண்ணிப் பார்ப்பதற்குள் கேரவனின் பிரேக்கை அது பிடிக்கிறது.

எனினும், தவறாக ஏற்றிய பாரத்தை எந்தக் கருவியும் சரியாக ஏற்றிய பாரமாக மாற்றாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற நம் மூத்தோர் கேரவனில் போடுவதையும் அளக்கத்தான் சொல்லியிருப்பார்கள். கோஜோனப்பில் பாரத்தை முன்னுக்கு மாற்றி, சக்கர அச்சுக்கு மேலாக அடுக்கினோம். அங்கிருந்து ஆல்பனி வரை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றோம். ஆட்டம் மீண்டும் வரவில்லை.

என் கருத்து

பொருந்துவது வேறு; இணைவது வேறு. இதுதான் நான் சொல்ல வந்தது.

மின்சாரத்தில் இயங்கும் பாதுகாப்புக் கருவி கொண்ட கேரவனை, விளக்குகளுக்கு மட்டும் வழிவிடும் அடாப்டரோடு நெடுஞ்சாலையில் இழுக்கக் கூடாது. கேரவனை முற்றத்திலிருந்து தெருவுக்கு நகர்த்த அந்த அடாப்டர் போதும். பிள்ளைகள் அமர்ந்திருக்கும் மகிழுந்துக்குப் போதாது. "அடாப்டர் விலை குறைவு, சாக்கெட்டை மாற்றினால் செலவு" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கருவிக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, அதற்கு மின்சாரம் கொடுக்காமல் விடுவது சிக்கனம் ஆகாது.

"கருவியே இல்லாத கேரவன்களும் ஓடுகின்றனவே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருவி இல்லை என்று அறிந்தவர் அதற்கேற்ப மெதுவாக ஓட்டுவார். கருவி இருக்கிறது என்று நம்புபவர் அந்த நம்பிக்கையின் வேகத்தில் ஓட்டுவார். தம்பி அன்று மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓட்டியது அந்த நம்பிக்கையால்தான். இல்லாத காவலனைவிட, இருப்பதாக எண்ணப்படும் காவலன் ஆபத்தானவன்.

இன்னொன்று: பிரேக் இருந்ததால் தப்பினோம். ஆஸ்திரேலிய விதிகளின்படி 750 கிலோவைத் தாண்டும் இழுவை வண்டிக்கு பிரேக் இருந்தாக வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். வண்டி கழன்றுகொண்டால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். பிரேக்கைச் சட்டம் கேட்கிறது. கீழ்வரிசை ஐந்து முனைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று புறப்படும் காலையில் எந்த அதிகாரியும் வந்து கேட்பதில்லை. நாம்தாம் கேட்க வேண்டும்.

உறவினர் வண்டியில் பிள்ளைகளோடு ஏறப்போகும் பெற்றோர் கேட்கவேண்டியவை இவை:

1. கேரவனின் பிளக்கும் மகிழுந்தின் சாக்கெட்டும் ஒரே வகையா? இடையில் அடாப்டர் இருந்தால் அது எந்தெந்த முனைகளைக் கடத்துகிறது?

2. இரண்டும் பன்னிரண்டு முனை என்றாலும், கீழ்வரிசையில் எந்த முனை எதற்கு என்பது இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? மேல்வரிசையைப் போலன்றி, கீழ்வரிசைப் பயன்பாடு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதுண்டு.

3. கேரவனின் நிலைப்புக் கருவியில் உள்ள விளக்கு எரிகிறதா? அதன் மின்கம்பி போதிய தடிமன் உடையதா? பியூஸ், எர்த் ஆகியவை ஒழுங்காக உள்ளனவா? சைகை விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் எர்த் சரியில்லை என்று ஐயுறலாம்.

4. பின்னால் வண்டி இருப்பதை மகிழுந்து அறிகிறதா? மின்சாரம் மிகக் குறைவாக இழுக்கும் எல்.இ.டி. விளக்குகள் கொண்ட கேரவனைச் சில மகிழுந்துகள் முறையான இணைப்பு இருந்தும் கண்டுகொள்வதில்லை. கையேட்டை வாசிப்பதில் வெட்கமில்லை.

5. பாரம் எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது?

இங்கிலாந்தில் உறவினர் இருப்போருக்கும் ஒரு சொல். அங்கே முனைகளின் எண்ணிக்கை வேறு. பழைய கேரவன்களில் ஏழுமுனைப் பிளக்குகள் இரண்டு இருக்கும். ஒன்று விளக்குகளுக்கு, மற்றொன்று உள்வசதிகளுக்கு. புதியவற்றில் பதின்மூன்று முனைகள் கொண்ட ஒரே வட்டப் பிளக். அதில் ஒன்பதாம் முனையே நிலையான மின்சாரத்திற்கு உரியது. எட்டு முனைகள் சரியாக இருந்து ஒன்பதாவது செத்திருந்தாலும் விளக்குகள் எல்லாம் எரியும். நாடு மாறினாலும் பாடம் மாறுவதில்லை.

நம் வீட்டிலும் வகுப்பறையிலும்

நம் நாட்டில் கேரவன் இல்லை என்று நிம்மதியடைய வேண்டா. நம் வீட்டு மின்பெட்டியில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கிறது. அதில் 'டி' என்னும் எழுத்திட்ட சிறு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதனை அழுத்திப் பார்த்திருக்கிறோம்? மின்விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது; எல்லாம் நலம் என்று இருக்கிறோம். பள்ளி நடைவழியில் தொங்கும் தீயணைப்பானின் அழுத்தமுள்ளை எத்தனை ஆசிரியர்கள் பார்க்கிறோம்? ஆபத்தில் மட்டுமே வேலை செய்யும் பொருளை ஆபத்து வருவதற்கு முன்பே தனியாகச் சோதிக்க வேண்டும். அன்றாடம் வேலை செய்பவை நன்றாக இருப்பது அதற்குச் சான்றாகாது.

ஊர் திரும்பியதும் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சுற்றுப் பாடத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். வழக்கமாக மின்கலம், கம்பி, மின்குமிழ் ஆகியவற்றைக் கொடுத்து எரியவைக்கச் சொல்வேன், எரிந்தால் கைதட்டுவோம், பாடம் முடியும். இம்முறை இரண்டு மின்குமிழ்களும் ஒரு சிறு மின்மணியும் கொண்ட சுற்றைக் கொடுத்து, மணிக்குப் போகும் கம்பியை மட்டும் அட்டையின் அடியில் துண்டித்து வைத்தேன். மின்குமிழ்கள் எரிந்தன. "ஆசிரியை, முடிந்தது!" என்று கூவினார்கள். "மணி?" என்று கேட்டேன். வகுப்பு ஒருகணம் அமைதியானது. பிறகு அட்டையைப் புரட்டத் தொடங்கினார்கள். கைதட்டல் அதன் பிறகுதான்.

கேள்வி கேட்கும் பிள்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று ஐந்து பேர் இருந்த அந்த மகிழுந்தில் உண்மையைக் கண்டவன் ஒருவனே. நாங்கள் நால்வரும் பெரியவர்கள், அவசரத்தில் இருந்தோம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் வகுப்பறையில் எத்தனை கேள்விகளை இப்படி அடக்கியிருப்பேன் என்று எண்ணும்போது நெஞ்சு சுடுகிறது. எல்லாக் கேள்விகளும் உயிர்காக்கும் கேள்விகள் அல்ல. எந்தக் கேள்வி உயிர்காக்கும் கேள்வி என்பது கேட்கப்படும்போது தெரிவதும் இல்லை.

தம்பி இப்போது மகிழுந்தில் முறையான இணைப்புப் பெட்டியோடு பன்னிரண்டுமுனைச் சாக்கெட்டைப் பொருத்திவிட்டான். அண்மையில் காணொலி அழைப்பில் அதனைக் காட்டினான். வண்டியைப் பின்னோக்கி நகர்த்தியபோது ஒலி எழவில்லை. கேரவனின் சிறு விளக்கு எரிந்தது. அதனை அருகில் நின்று சரிபார்த்தவன் தம்பி மகன்.

"அத்தை, இப்ப காருக்குத் தெரியும்" என்றான்.

உங்கள் பயணங்களும் பாதுகாப்பாக அமையட்டும். புறப்படுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளை ஏதேனும் கேட்டால் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.